நாற்காலியை இறக்கிவிட்டு உடனே கிளம்பிவிடுவோம்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம், உன் அப்பா நலம், கார் ஓரளவுக்கு நலம். உன் சாப்பாடு, தூக்கம் எல்லாம் எப்படி என்று விவரமாக எழுது, ‘நல்லாருக்கேம்மா’ என்று ஒரே வரியில் முடிக்காதே. போனில் பேசலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நம் வீட்டில் நான் உன்னோடு போனில் பேசினால் முன்னறையில் செய்தித்தாள் புரட்டும் சத்தம் நின்றுவிடுகிறது, அதனால்தான். போன மாதம் நீ சொந்தமாகக் கிளினிக் திறக்கப் போவதாகச் சொன்னபோதும் அப்படித்தான் நின்றது. மறுநாள் காலையில் உன் அப்பா பல் வைத்தியம் பார்க்கும் நாற்காலியின் மேல் கிடந்த போர்வையை எடுத்து உதறினார். நீ படிப்பை முடித்ததும் வீட்டிலேயே கிளினிக் வைப்பாய் என்று உன்னை ஒரு வார்த்தை கேட்காமல் வாங்கிப் போட்டாரே, அதே நாற்காலிதான். நீ இப்போது இருக்கும் ஊருக்கு வேலைக்குக் கிளம்பியதும் ‘இனிமே அவளுக்கும் எனக்கும் பேச்சு இல்ல’ என்றவர், இந்த இரண்டு வருஷமாக அதில் மல்லாந்துகொண்டு, தலைக்கு மேல் இருக்கும் விளக்கையும் போட்டுக்கொண்டுதான் செய்தித்தாள் படிக்கிறார். அன்றைக்கு உதறிவிட்டு ‘இது சும்மா இடத்தை அடைக்குது, எங்கயாவது கொண்டு போய்த் தள்ளிட்டு வரணும்’ என்றார். எங்கே என்று நான் கேட்கவில்லை. மேஜையில் உன் ஊர் வரைக்கும் எழுநூறு கிலோமீட்டருக்கு வரைபடம் விரித்துக் கிடந்தது.

லாரியில் அனுப்பினால் உடைத்துவிடுவார்களாம், அதனால் நம் சின்னக் காரின் பின்னால் கட்டி இழுத்துக்கொண்டு போக ஒரு பழைய இரண்டு சக்கர டிரெய்லரைப் பிடித்து வந்தார். பக்கத்துத் தெரு வெல்டிங் மாமாதான் காருக்குக் கொக்கி போட்டுக் கொடுத்தார். அவர் நல்ல மனுஷர், கார் எவ்வளவு எடை இழுக்கும் என்று கம்பெனிப் புத்தகத்தில் பார்த்த பிறகுதான் வெல்டிங் மெஷினையே தொட்டார். நாற்காலியும் டிரெய்லரும் சேர்ந்து முந்நூற்றைம்பது கிலோ, கார் தாங்கும். ஆனால் உன் அப்பா இறக்குவதற்கு வசதி என்று நாற்காலியை டிரெய்லரின் கடைசியில் கொண்டு போய் வைத்தார், காரின் பின்பக்கம் அப்படியே மேலே தூக்கிக்கொண்டது. ‘பாரம் பின்னால இருந்தா டிரெய்லர் ஆட்டம் போடும்ணே, அது ஆடினா காரையும் சேத்துக் கவுத்துடும், பாதிக்கு மேல எடை அச்சுக்கு முன்னால இருக்கணும், கொக்கி மேல பத்துல ஒரு பங்கு விழணும்’ என்று வெல்டிங் மாமா தலையில் அடித்துக்கொண்டார். அதை எப்படி அளப்பது? குளியலறையில் இருக்கும் எடை மெஷினைக் கொண்டு வந்து டிரெய்லர் மூக்குக்கு அடியில் வைத்தோம். முப்பத்தைந்து கிலோ காட்ட வேண்டும். உன் அப்பா அரை நாள் நாற்காலியை அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். முப்பத்தைந்து வந்தபோது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே, நீ டாக்டரானபோதுகூட அப்படிச் சிரிக்கவில்லை. பிறகு நாலு மூலைக்கும் பெல்ட், கொக்கி கழன்றால் பிடித்துக்கொள்ளக் குறுக்காக இரண்டு சங்கிலி, பின்னால் விளக்கு. நான் பின்னால் நின்று பிரேக் விளக்கு எரிகிறது என்றேன். நம்பாமல் பிரேக்கிலிருந்து காலை எடுத்து, இறங்கி வந்து பார்த்துவிட்டு, ‘எங்க எரியுது’ என்றார். இப்படியே ஐந்து தடவை.

ரிவர்ஸ் எடுப்பதுதான் பெரிய கூத்து. முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த மனுஷர், மேலே, கீழே இரண்டையும் விட்டால் வேறு திசை அவருக்குப் பழக்கமில்லை. டிரெய்லர் பின்னால் இடது பக்கம் போக வேண்டுமானால் ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடிக்க வேண்டுமாம். அதை வெல்டிங் மாமா எனக்குச் சொல்லிக் கொடுத்தார், நான் மைதானத்தில் நின்றுகொண்டு உன் அப்பாவுக்குச் சொன்னேன். நான் சொல்லி அவர் கேட்டால் அது நம் வீடா? ‘வலது’ என்று கத்தினேன், இடது பக்கம் ஒடித்தார். டிரெய்லர் மடங்கிக் காரின் கதவில் வந்து உரசியது. மூன்று நாள் இதே கதை. நாலாம் நாள் எனக்கு அலுத்துப்போய் வாய் தவறி ‘இடது’ என்றேன். உடனே வலது பக்கம் ஒடித்தார், டிரெய்லர் அடையாளத்துக்கு வைத்திருந்த இரண்டு பெயின்ட் டப்பாவுக்கு நடுவில் வெண்ணெயில் கத்தி இறங்கியது போல இறங்கியது. அன்றிலிருந்து நான் எல்லாவற்றையும் மாற்றியே சொல்கிறேன். வேகமாகப் போங்க என்றால் அறுபதைத் தாண்டுவதில்லை. முன்னால் போகும் வண்டியை ஒட்டிப் போங்க என்றால் பத்து வண்டி இடம் விட்டுப் போகிறார். வெல்டிங் மாமா இப்போது என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்.

முந்தாநாள் வெள்ளோட்டம் போனோம். பெட்ரோல் பங்கில் டயருக்குக் காற்றுப் பிடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், முன்பின் தெரியாத ஒருவர் டிரெய்லரில் ஏறி நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி வாயைத் திறந்து வைத்திருக்கிறார். உன் அப்பா கொஞ்சமும் அசராமல் காரிலிருந்து டார்ச்சை எடுத்து வாய்க்குள் அடித்துப் பார்த்தார். ‘இதுக்கெல்லாம் என் மகதான் சரி, வலிக்காமப் பாப்பா’ என்று சொல்லி உன் முகவரியைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். எழுநூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பதை மட்டும் சொல்லவில்லை. என் மக என்று அவர் வாயால் கேட்டு இரண்டு வருஷம் ஆகிறது, நான் டயரைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டு அழுதேன்.

இப்போது எனக்கு இரண்டு கவலை. வழியில் டிரெய்லர் ஆட ஆரம்பித்தால் காரின் பிரேக்கை மிதிக்கக் கூடாது, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரிலிருந்து மெல்லக் காலை எடுக்க வேண்டும். அப்போது ‘பிரேக் போடுங்க’ என்று நான் கத்தி, அந்த ஒரு தடவை பார்த்து மனுஷர் என் பேச்சைக் கேட்டுத் தொலைத்தால்? அதனால் அந்த நேரத்தில் வாயே திறப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். இன்னொரு கவலை உன் வீட்டு வாசல். நேற்று அவரிடம் கறாராகச் சொன்னேன், நாற்காலியை இறக்கிவிட்டு ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடலாம், நீங்க உள்ளேகூட வர வேண்டாம் என்று. சண்டைக்கு வருவார் என்று பார்த்தால் ‘ம்’ என்றார். முப்பத்தைந்து வருஷத்தில் நான் கேட்ட முதல் ‘ம்’. நான் மாற்றிச் சொன்னது இந்தத் தடவை மட்டும் பலிக்காமல் போய்விடுமோ? உங்கள் இரண்டு பேரையும் ஒரே அறையில் பார்த்துவிட வேண்டும், எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம். நீயும் அவர் மகள்தான், கூப்பிட்டால் உள்ளே வரலாம் என்று அவரும், வந்தால் கூப்பிடலாம் என்று நீயும் நின்றால் நான் நடுத்தெருவில் நாற்காலியோடு நிற்க வேண்டியதுதான்.

கிளினிக் நன்றாக நடக்கட்டும், உன் கைக்கு எப்போதும் நல்ல பெயர் கிடைக்கட்டும், நீ நிறைவாக இரு. அடுத்த வெள்ளி மதியம் வாசலில் எந்த வண்டியும் நிற்காமல் பார்த்துக்கொள், கதவின் அகலத்தையும் அளந்து வை. உறை வாங்கக் கடைக்குப் போகிறேன். கடிதம் மேஜையில் இருக்கிறது, படிக்க வேண்டாம் என்று உன் அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன்.

உன் அன்பு அம்மா

படித்தேன். நான் எதற்கெடுத்தாலும் மாற்றிச் செய்வேன் என்று உன் அம்மா எழுதியிருப்பது தவறு. ஒரு மணி நேரத்தில் கிளம்பிவிடுவோம் என்பதும் தவறு, ஒரு வாரம் இருப்போம். கீழ்க் கடைவாய்ப் பல்லில் இரண்டு வருஷமாக வலி. வேறு யாரிடமும் காட்டவில்லை.

அப்பா