முதல் சம்பளம், அந்தோனியாருக்கு

யூன் 3, செவ்வாய்

மேற்கிலிருந்து கச்சான் காற்று. விடிந்ததிலிருந்து முற்றத்து மண் முழுக்க வீட்டுக்குள். கூட்டினாலும் வருகிறது, கூட்டாவிட்டாலும் வருகிறது. கூட்டவில்லை.

கம்பஸ் நூலகத்தில் மாணவர் உதவியாளர் வேலை. அறிவித்தல் பலகையில் பார்த்தேன். பின்னேரம் நாலிலிருந்து எட்டு வரை. புத்தகம் அடுக்குவது, மேசையில் இருப்பது, கடைசியில் பூட்டுவது. விண்ணப்பத்தோடு கேட்டிருப்பவை:

– படிவம், இரண்டு பிரதி (ஏன் இரண்டு என்று யாருக்கும் தெரியாது)
– கிராம சேவகர் சான்றிதழ்
– விரிவுரையாளர் ஒருவரின் கடிதம்
– வங்கிப் புத்தகத்தின் போட்டோ கொப்பி
– படம் ஒன்று. காது தெரிய வேண்டுமாம்

புத்தகம் அடுக்க என் காது எதற்கு?

ஆனாலும் போடத்தான் வேண்டும். லப்டொப் ரியாஸ் நானாவின் கடையில் கிடக்கிறது. திரை போய்விட்டது. புதுத்திரை கொழும்பிலிருந்து எடுத்துப் பொருத்தியும் வைத்துவிட்டார், காசு கொடுத்தால் தூக்கிக்கொண்டு வரலாம். இறுதி வருட ஆய்வு ஆகஸ்ட் கடைசியில் கையளிக்க வேண்டும். இதுவரை எழுதியது முன்னுரை மட்டும். அதுவும் கையால்.

யூன் 5, வியாழன்

கி.சே. அலுவலகம். வியாழன் இருப்பார் என்றார்கள். போனேன். கதவில் பூட்டு. பிரதேச செயலகத்தில் கூட்டமாம். மா மரத்தின் கீழ் பதினொரு மணி வரை காத்திருந்தேன், பக்கத்தில் ஒரு அம்மா தன் மருமகளைப் பற்றிய கதை முழுவதையும் எனக்குச் சொல்லி முடித்தா. மருமகளில் பிழை இல்லை என்பது என் முடிவு.

கி.சே. வந்தார். என்ன தேவைக்கு என்று கேட்டார். வேலைக்கு என்றேன். உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, அரசாங்க வேலையா என்று கேட்டார். விளக்கினேன். திரும்பச் சாய்ந்துவிட்டார். படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுக்கிற அது தானே என்றார். அந்த "அது" எனக்குப் பிடிக்கவில்லை.

இரவு சாப்பாட்டில் யூட் அண்ணாவும் அதே கதை. காலையிலிருந்து ஓட்டோ ஓடிக் களைத்து வந்து என்னில் பிழை பிடிக்க மட்டும் தெம்பு இருக்கிறது. புத்தகத்துக்குத் தூசி தட்டுவது ஒரு வேலையா என்றான். அப்பா சோற்றைப் பார்த்தபடி இருந்தார். துறைமுகத்துக்குக் கப்பல் வராத கிழமை, அவருக்கும் வேலை இல்லை, அப்படியான நாட்களில் வாய் திறக்க மாட்டார்.

அம்மா மட்டும், "வங்கியில போடுவினமோ, கையில தருவினமோ?" என்று கேட்டா. வங்கியில் போடுவார்கள் என்றேன். ஏதோ யோசித்துக்கொண்டு எழும்பிப் போனா.

யூன் 16, திங்கள்

நேர்முகம். மூன்று பேர். அதில் ஒருவர் முழு நேரமும் போனில்.

உங்கள் பலவீனம் என்ன என்று கேட்டார்கள். கோபம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் மண்டையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. நூலகத்துக்குப் பொறுப்பான பரீதா மிஸ் கண்ணாடிக்கு மேலால் பார்த்தா.

"லைப்ரரிக்குள்ள கோபம் வந்தா என்ன செய்வீங்க?"

"சத்தமில்லாமல் கோபப்படுவன், மிஸ்."

சிரித்தா. மற்ற இருவரும் சிரிக்கவில்லை. கிடைக்காது. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். சப்பாத்து கடித்துக் குதிக்கால் புண்.

யூன் 23, திங்கள்

கிடைத்துவிட்டது!! பலகையில் என் பெயர். இரண்டு தரம் பார்த்தேன். பிறகு ஒருத்தரும் இல்லாத நேரம் பார்த்துப் படமும் எடுத்தேன்.

யூலை 1, செவ்வாய்

முதல் நாள். வெக்கை. மின்விசிறி ஒன்று சுற்றுகிறது, ஒன்று சத்தம் மட்டும் போடுகிறது.

கற்றுக்கொண்டவை: பொருளியல்காரர் நல்ல புத்தகத்தைத் தாவரவியல் தட்டில் ஒளித்து வைக்கிறார்கள், வேறு யாரும் எடுக்காமல் இருக்க. பக்க அடையாளம் வைக்கிறவர்கள் எதையும் வைப்பார்கள். இன்றைக்குக் கிடைத்தவை ஐஸ் பழக் குச்சி, பஸ் ரிக்கற், மீன் முள் (கழுவாதது). ஏழு மணிக்குப் பிறகு வருகிறவர்கள் படிக்க வருவதில்லை, இரண்டு இரண்டாக வருவார்கள். கடைசி வரிசைப் பக்கம் போகும்போது இருமிக்கொண்டு போகும்படி மிஸ் சொன்னா.

எட்டரை பஸ். பாலையூற்றுச் சந்தியில் இறங்கினால் அப்பா நிற்கிறார். ஏன் வந்தீர்கள் என்றேன். சும்மா என்றார். டோர்ச் அடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். வேலை எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

யூலை 31, வியாழன்

மாதம் முடிந்தது. ஒரு நாளும் லீவு எடுக்கவில்லை, காய்ச்சலோடு போன நாளும் உண்டு. வங்கியில் ஒன்றும் இல்லை.

சம்பளப் பகுதிக்குப் போனேன். அங்குள்ள ஐயா வரவுப் பதிவில் ஒரு கையெழுத்துக் குறைகிறது என்றார். யாருடையது? பீடத் தலைவருடையது. அவர் எங்கே? வெளிநாட்டில். எப்போது வருவார்? அதை ஐயாவிடம் கேட்கக் கூடாதாம்.

சம்பளத்துக்கு இப்படி அலைய வைக்கலாமா என்றேன். ஐயா பேனையை மூடினார்.

"பிள்ளை, இது சம்பளம் இல்லை. கொடுப்பனவு. சும்மா பெரிய கதை கதைக்காதேயுங்கோ."

முகமெல்லாம் சூடாகிவிட்டது. வேலை செய்தேன் ஐயா, வேலை செய்ததற்குத் தருவது சம்பளம் என்றேன். பின்னால் நின்ற பெடியன்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். கழிப்பறைக்குப் போய் அழுதேன், பிறகு நாலு மணிக்கு வேலைக்குப் போனேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இன்னும் இல்லை. பீடத் தலைவர் இல்லாதபோது பதில் தலைவர் கையெழுத்து வைக்கலாமாம். அதை அன்றைக்கே சொல்ல ஐயாவுக்கு வாயில் என்ன கொழுக்கட்டையா?

பரீதா மிஸ் விஷயத்தைக் கேட்டுவிட்டு, தானே என்னோடு நடந்து வந்தா. கிண்ணியாவிலிருந்து தினமும் வந்து போகிற மனுஷி, பஸ்ஸைத் தவறவிட்டா இன்று. ஐயாவின் மேசையில் பதிவை வைத்தா.

"இந்தப் புள்ள ஒரு மாசம் வேல செஞ்சிருக்கு. நீங்க என்ன பேரையும் வைங்க. காசப் போடுங்க."

அவ்வளவுதான். ஐயா எழும்பி நின்றே பதில் சொன்னார். எனக்கும் ஒரு நாளைக்கு அப்படிக் கதைக்க வர வேண்டும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

வந்துவிட்டது. பஸ்ஸில் இருக்கும்போது வங்கியின் குறுஞ்செய்தி. பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சொல்லியே விட்டேன், அவவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் நல்லது பிள்ளை என்றா.

கணக்குப் பார்த்தால் லப்டொப்புக்குச் சரி. மிச்சத்தில் பஸ் காசும் ஒரு சப்பாத்தும். கடிக்காத சப்பாத்து.

வீட்டுக்கு வந்ததும் குசினிக்குள் போய் அம்மாவிடம் சொன்னேன். இரண்டு கடைக்கு நாளைக்கு இடியப்பம் கொடுக்க வேண்டும், மா வறுத்துக்கொண்டு நின்றா. அகப்பையை வைத்துவிட்டு நெற்றியில் சிலுவை போட்டா.

விஷயம் இதுதான். நான் ஏ.எல். சோதனைக்கு முன்னம் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அம்மா புனித அந்தோனியாருக்கு நேர்ந்திருக்கிறா. பிள்ளை பிழைத்து, படித்து, வேலைக்குப் போனால் முதல் சம்பளம் அப்படியே அவருக்கு. ஒரு சதம் குறையாமல். இத்தனை வருடமாக யாரிடமும் மூச்சு விடவில்லை. நேர்த்திக்கடனை வெளியில் சொல்லக் கூடாதாம்.

என் சம்பளம். என்னைக் கேட்காமல். நான் சேலைன் ஏற்றிக்கொண்டு கிடந்தபோது!

ஆகஸ்ட் 8, வெள்ளி

அம்மாவோடு கதைக்கவில்லை. காலை விரிவுரை முடிந்து ஏ.ரி.எம்மில் முழுவதையும் எடுத்தேன். நேரே ரியாஸ் நானாவின் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, லப்டொப்போடு வீட்டுக்கு வந்தால் முடிந்தது கதை. அந்தோனியார் லப்டொப்பைக் கேட்க மாட்டார்.

கடை பூட்டு. வெள்ளிக்கிழமை, பன்னிரண்டரை, ஜும்மா தொழுகை. தெரு முழுக்கக் கடைகள் பூட்டு. திருகோணமலையில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தெரியாதா? கோபம் கண்ணை மறைத்தால் இப்படித்தான். இரண்டு மணிக்கு விரிவுரை, நாலுக்கு வேலை, எட்டுக்குப் பூட்டு. காசு பையிலேயே கிடந்து என்னோடு வீட்டுக்கு வந்தது.

நானா போன் செய்தார். இதே மொடல் திரை வேறொருவர் அவசரமாகக் கேட்கிறாராம், கையில் காசோடு. ஞாயிறு வரை எனக்காக வைத்திருக்கிறாராம். பாவம், அவரும் போட்ட காசை எடுக்க வேண்டாமா?

அண்ணா வழி சொன்னான். சம்பளப் பகுதி தந்த துண்டில் கொடுப்பனவு என்றுதானே இருக்கிறது. "சம்பளம் இல்லை எண்டு அம்மாட்டக் காட்டு. உண்மையான வேலை கிடைக்கேக்க நேர்த்தியைச் செய்யலாம். அந்தோனியாருக்கும் லாபம்." கெட்டிக்காரன். ஓட்டோ ஸ்டாண்டில் இருந்து சட்டம் படித்திருக்கிறான். ஆனால் சரியான கதை. கம்பஸே எழுதித் தந்திருக்கிறது. நான் ஒரு பொய்யும் சொல்லத் தேவையில்லை.

ஆகஸ்ட் 9, சனி

பின்னேரம். அம்மா இடியப்பத் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தா. துண்டைக் கொண்டுபோய் நீட்டினேன். கை ஈரம், வாங்கவில்லை. அண்ணா ஏற்கெனவே ஓதிவிட்டான் என்று தெரிந்தது.

"உந்தக் கடதாசி எனக்கு விளங்காது. நீ சொல்லு. இது சம்பளமோ, இல்லையோ? நீ இல்லை எண்டா, கொஞ்சம் பொறும் எண்டு நான் அவரிட்டச் சொல்லுறன்."

ஒரு சொல்தான். இல்லை என்று சொன்னால் லப்டொப். ஆய்வு. எல்லாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் வேறொன்றைக் கேட்டேன். காசாக ஏதாவது நேர்ந்திருக்கலாமே, மெழுகுதிரி நேர்ந்திருக்கலாமே, ஏன் என்னுடைய சம்பளத்தைப் போய் நேர்ந்தீர்கள் என்று.

அம்மா தட்டைக் கழுவியபடியே சொன்னா.

"அப்பாக்கு வாறது கூலி. யூட்டுக்கு ஓட்டக் காசு. எனக்குக் கடைக்காரர் தாறது இடியப்பக் காசு. சம்பளம் எண்டு ஒண்டு இந்த வீட்டுக்குள்ள ஒருத்தரும் கொண்டு வரேல்ல. இருக்கிறதுக்குள்ள பெரிசு எது எண்டு யோசிச்சன். அதுதான் அதை நேர்ந்தனான்."

எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அம்மா மேல், அண்ணா மேல், சம்பளப் பகுதி ஐயா மேல், எல்லார் மேலும் வந்தது. அந்த ஐயாவிடம் சொன்ன அதே குரலில், ஏறக்குறையச் சத்தம் போட்டுச் சொன்னேன்.

"சம்பளம்தான். போய்க் குடுங்கோ."

அண்ணா உள்ளேயிருந்து "விசரி" என்றான். ஓம், விசரிதான்.

ரியாஸ் நானாவுக்கு மெசேஜ்: திரையைக் கழற்றி அவருக்கே கொடுங்கள் நானா. பதில்: சரி தங்கச்சி. அழுகை வந்தது.

ஆய்வு? கம்பஸ் கணினி அறையை நாலு மணிக்குப் பூட்டுவார்கள், என் வேலை நாலு மணிக்குத் தொடங்கும். விடிய முதல் பஸ்ஸில் போனால் வகுப்புக்கு முன்னம் கொஞ்ச நேரம் கிடைக்கும். போகத்தான் வேண்டும். நினைக்கவே எரிச்சல்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காற்று இல்லை, வெயில். அந்தோனியார் கோயிலில் காலைப் பூசை. அம்மா காசைப் புதுக் கடித உறையில் போட்டு வைத்திருந்தா. தான் போட மாட்டாவாம், நான்தான் போட வேண்டுமாம், என் சம்பளமாம். காணிக்கைப் பெட்டியின் வாய் சிறிது, உறை உள்ளே போக மாட்டேன் என்றது. பின்னால் வரிசை. எனக்கு வேர்த்துக் கொட்டியது. கடைசியில் குத்தித் தள்ளினேன். அந்தோனியாரின் சுரூபத்தைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை, அவ்வளவு கோபம்.

அப்பாவும் வந்திருந்தார். பெருநாளுக்கு மட்டும் வருகிற மனுஷன், கலியாண வீட்டுக்குப் போடுகிற சேட்டோடு. பூசை முடிந்து வெளியில் வந்தால் துறைமுகத்தில் அவரோடு மூட்டை தூக்குகிற மாமா ஒருவர், என்ன அந்தோனியாரிடம் குடும்பத்தோடு என்று கேட்டார்.

"மகள் சம்பளம் எடுத்தவள். அதுதான் வந்தனாங்கள்" என்றார் அப்பா.

பாலையூற்று பஸ் வந்து நின்றது. அடுத்தது முக்கால் மணித்தியாலம் கழித்துத்தான். அப்பா இன்னொருவரைக் கண்டு, கையைக் காட்டிக் கூப்பிட்டு, அவருக்கும் முதலில் இருந்து சொல்லத் தொடங்கினார். எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை. பஸ் போனது. நான் கூப்பிடவில்லை.