அவருக்குத் தெரிந்திருக்காது

மாசி 3, திங்கள்
விடியவிடியப் பனி. பஸ் இருபது நிமிடம் பிந்தியது. லோண்ட்ரியில் வைத்தியசாலைப் பெட்சீற் மலைபோல் குவிந்து கிடந்தது.

புதிதாக ஒருத்தி. பெயர் இனெஸ். ஐம்பது தாண்டியிருக்கும், மெலிந்த ஆள். எங்களோடு வேலை செய்யும் டொலோரஸின் நாட்டுக்காரி. தேய்க்கிற மெஷினுக்கு ஆட்களை ஜோடி சேர்ப்பது என் பொறுப்பு. சீற்றின் இரண்டு மூலையை இரண்டு பேர் பிடித்து உள்ளே விடவேண்டும். ஒரே பாஷை பேசுகிறவர்கள்தானே என்று இருவரையும் சேர்த்துவிட்டேன். நல்ல காரியம் செய்ததாக எனக்கு நினைப்பு.

பகல் சாப்பாட்டு நேரம் டொலோரஸின் லொக்கர் திறந்திருந்தது. கதவின் உள்பக்கம் அவர்களுடைய ஜெனரலின் படம். வெள்ளை உடுப்பு, பெரிய சிரிப்பு. பதினொரு வருடமாகப் பார்க்கிறேன், யாரென்று விசாரித்ததில்லை. இனெஸ் அதைப் பார்த்தாள். சாப்பாட்டுப் பெட்டியை அப்படியே மூடினாள்.

வாங்க: பால், வெந்தயம், இவருடைய பிரஷர் குளிசை.

மாசி 4, செவ்வாய்
இனெஸ் கோட்டைக் கழற்ற முதலே என்னிடம் வந்தாள். (இவர்களோடு பேசுவது உடைந்த இங்கிலீஷ். எழுதும்போது நம்முடைய கதையாகத்தான் வருகிறது.)

"வசந்தி, என்னை அவவோட விடாதையும்."

"படத்தாலயோ? கழட்டச் சொல்லட்டோ?"

"வேண்டாம். எங்கட வீட்டிலயும் அது இருந்தது."

சுப்பவைசரிடம் கேட்டேன். ஆள் இல்லையாம். அப்படியே போகட்டுமாம்.

டொலோரஸிடம் மெல்ல விசாரித்தேன். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ஜெனரல் வந்தபிறகுதான் எட்டு மணி நேர வேலை, வீட்டுக்குள் தண்ணீர்க் குழாய். "அம்மா குழாயைத் திறக்கிறதும் பூட்டுறதுமா நிண்டு அழுதவ. எனக்கு ஆறு வயசு. அந்த மனுசனை நான் எப்பிடி மறக்கிறது?"



மாசி 5, புதன்
கடுங்குளிர். முழங்கால் உளைவு.

மெஷின் இருபது நிமிடம் நின்றுவிட்டது. அந்த நேரத்தில் டொலோரஸ் கேட்டேவிட்டாள், உமக்கு என்னில என்ன கோபம் என்று. எனக்கும் விளங்கட்டும் என்றோ என்னவோ இனெஸ் இங்கிலீஷிலேயே சொன்னாள். அண்ணன் அச்சகத்தில் வேலை செய்தவர். ஜெனரலின் யூனியனில் சேராமல் தனியாக ஒரு யூனியன் தொடங்கினார். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நாலு பேர் வந்து கூட்டிப் போனார்கள். அவ்வளவுதான். பாதி சாப்பிட்ட தட்டை அம்மா இரண்டு நாள் கழுவவில்லை.

டொலோரஸ் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அது அவருக்குத் தெரிஞ்சிருக்காது" என்றாள்.

"எங்கட அம்மாவும் அப்பிடித்தான் சொன்னவ. மூண்டு வருசம் அவருக்கே கடிதம் எழுதினவ. அந்தப் படத்துக்குக் கீழ இருந்து எழுதினவ."

மெஷின் திரும்ப ஓடத் தொடங்கியது. எனக்குச் சீற் பிடிபடவில்லை.

ஊரில் சண்டை நடந்த காலம். என் தம்பிக்கு அப்போது பதினேழு. ரியூசன் முடிந்து வரும் வழியில் இயக்கம் சண்டைக்கென்று பிடித்துக்கொண்டு போனது. அம்மா சோற்றுப் பார்சலோடு முகாம் வாசலில் நாலு நாள் நின்றா. "மேல உள்ளவைக்குத் தெரிஞ்சிருக்காது பிள்ளை. தெரிஞ்சால் விட்டிடுவினம்." ஒவ்வொரு நாளும் இதையே சொன்னா. இரண்டு மாதத்தில் பெட்டி வந்தது. திறக்கக் கூடாது என்றார்கள்.

இவருக்குக்கூட முழுக்கச் சொன்னதில்லை. கலியாணம் பேசியபோது "மாவீரர் குடும்பம்" என்று பெருமையாகச் சொன்னார்கள்.

மாசி 6, வியாழன்
டொலோரஸ் வரவில்லை. இனெஸோடு நானே நின்றேன். பேச்சு: குளிர், பஸ், அவளுடைய மகளின் வாடகை வீடு. தம்பியைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

மாசி 7, வெள்ளி
டொலோரஸ் வந்தாள். முகம் வீங்கியிருந்தது. படம் இன்னும் லொக்கரில்தான். நேரே இனெஸிடம் போனாள்.

"உம்மட அண்ணன்ர பேர் என்ன?"

"ஏன்?"

"சேர்ச்சில ஒரு மெழுகுதிரி கொளுத்த."

"சொல்லமாட்டன். நீர் அந்தாளுக்கும் கொளுத்துவீர்."

டொலோரஸ் இல்லை என்று சொல்லவில்லை. சீற்றின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேறு ஆளுமில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இனெஸ் மற்ற மூலையைப் பிடித்தாள். நாலு மணி வரை சீற்றுகளை மெஷினுக்குள் விட்டார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஒரு சீற்றிலும் சுருக்கம் விழவில்லை.

மாசி 9, ஞாயிறு
வெயில், ஆனாலும் குளிர். இவருடைய சிநேகிதர் குணம் அண்ணை விட்பியிலிருந்து வந்தார். ஆட்டிறைச்சி, கத்தரிக்காய்ப் பால்கறி, ரசம்.

சாப்பிட இருந்தபோது அவர் கண் சுவரிலிருந்த தம்பியின் படத்தில். இயக்கச் சீருடையோடு இருக்கிற படம். தம்பி அந்த உடுப்போடு படம் எடுத்ததே இல்லை. பள்ளிக்கூட அடையாள அட்டையில் இருந்த படத்தை இவர் ஸ்டூடியோவில் கொடுத்து அப்படிச் செய்வித்தார். எனக்குச் சந்தோசமாக இருக்கும் என்று.

"பதினேழு வயசில போனவர் என்ன? அந்த வயசில என்ன துணிவு," என்றார் குணம் அண்ணை.

"போகேல்லை அண்ணை. பிடிச்சுக்கொண்டு போனவை. வழி முழுக்க அழுதவனாம்."

என் குரல்தானா என்று இருந்தது. இவர் பிசைந்த சோற்றை வாயில் வைக்கவில்லை. குணம் அண்ணை தண்ணீர் குடித்தார். "உந்த விசயத்தை வெளியில கதைச்சுப்போடாதேங்கோ தங்கச்சி." கோபமாகச் சொல்லவில்லை.

அவர் போனபிறகு இவர் படத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் ஏச்சை எதிர்பார்த்து நின்றேன்.

"அந்தப் பள்ளிக்கூடப் படம் எங்க?"

"ஸ்டூடியோக்காரன் திருப்பித் தரேல்லை. வேற இல்லை."

இவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். உள்ளங்கையைப் படத்தின் கண்ணாடியில் வைத்து, கழுத்துக்குக் கீழே முழுவதையும் மறைத்தார். முகம் மட்டும் தெரிந்தது. "வாரும், பாரும்" என்றார். நான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். இவருக்குக் கை உளைந்திருக்கும். எடுக்கவில்லை.