தேர் நாள் சர்பத்துக்கு ஒரு காப்புறுதி

ஏப்ரல் 5, சனி. கொட்டகலை.

அடுத்த வாரத் தேரைப் பற்றிப் பத்திரிகைக்குச் செய்தி எடுக்கப் போனவன் ஃபாரூக் நானாவின் கடையிலேயே உட்கார்ந்துவிட்டேன். தேர் வரும்போதெல்லாம் அவர் கடை முன்னால் சர்பத் பந்தல் போடுவார். கடந்த வருடம் அங்கே சிந்திய ஈரத்தில் வழுக்கி, தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மாவின் கை முறிந்தது. கடைக் காப்புறுதி தீக்கும் திருட்டுக்கும் மட்டுந்தான் என்பது நானாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. வைத்தியச் செலவை அவரே ஏற்றார்.

இன்று காப்புறுதி முகவர் மேரி வந்து விளக்கினாள்.

"இது வேற பாலிசி நானா. உங்க யாவாரத்தால வெளியாளுக்கு அடிபட்டு, அவங்க வழக்குப் போட்டாலும் கம்பெனி பாத்துக்கும். ஆனா ரோட்டோரப் பந்தல் இதுல வராது. தனியா சேக்கணும், பிரீமியம் கூடும். சர்பத் விக்கிறீங்களா?"

"சும்மாதான் குடுக்கிறேன்."

"சும்மா குடுக்கிறதுக்கா பாலிசி? பேசாம பந்தலை விட்ருங்களேன்."

"தேர் வரும்போது என் வாசல் வெறிச்சுன்னு கெடக்கவா? சும்மா குடிச்சவங்களுக்குக் கை முறியாதா தங்கச்சி? சேத்து எழுதுங்க."

தன் சரக்குக்காக அல்ல, முகம் தெரியாதவர்களின் எலும்புக்காக ஒருவர் கையெழுத்து வைப்பதை இன்றுதான் பார்த்தேன்.

தரையில் வழுக்காத விரிப்புப் போட வேண்டும் என்பது கம்பெனியின் நிபந்தனை. நான் கிளம்பும்போது நானா வாசலில் சாக்கு விரித்து, தண்ணீர் ஊற்றி, செருப்போடு அதன்மேல் நடந்து பார்த்துக்கொண்டிருந்தார்.