கிருபை அக்காவோடு போன ஞாயிறு

13 ஆகஸ்ட் 1978, ஞாயிறு

கிருபை அக்கா வாராவாரம் ஆராதனை முடிந்ததும் திருப்பரங்குன்றம் பக்கம் போய், தொழுநோயாளிகளுக்குப் புண் கழுவிக் கட்டுப் போட்டுவிட்டு வருவார். சபையில் நாங்கள் அவருக்காக ஜெபிப்பதோடு சரி.

இன்று கோயிலில் ஆராதனைக்கு அவர் வந்து உட்கார்ந்ததும், பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் எழுந்து பின்னால் போய்விட்டார்கள். வெளியே வந்ததும் அக்கா என்னிடம், "இனிமே நான் போகலை டீச்சர். புண்ணைக் கழுவுறது கஷ்டமில்லை. நம்ம ஆளுங்க பார்க்கிற பார்வைதான் தாங்க முடியலை" என்றார்.

"இன்னைக்கு நானும் வாரேன்க்கா" என்றேன்.

இருவரும் பஸ் ஏறினோம். அங்கே போனதும் வாடை தாங்காமல் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். "வெளியில நில்லுங்க டீச்சர்" என்றார் அக்கா. நான் போகவில்லை. வெந்நீர் ஊற்றினேன். கட்டுப் போட வேட்டித் துணியைக் கிழித்துக் கொடுத்தேன். ஒரு பெரியவர் காலை நீட்டிக்கொண்டே, "துணைக்கு ஆள் வந்திருச்சா தாயி?" என்று கேட்டார்.

அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "வந்திருச்சுங்கய்யா" என்றார். அதற்குப் பிறகு அவர் போகமாட்டேன் என்ற பேச்சையே எடுக்கவில்லை.

வீட்டில் இவர், "அந்தச் சேலையைத் தனியா ஊறவை" என்றார். ஊறவைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறும் அதையேதான் கட்ட வேண்டும்.