பகலில் பார்த்த வீடு

மாப்ளே,

இன்று காலை நம் காலனி குடிதண்ணீர் பம்ப் ஹவுஸ் வாசலில் உன் ஸ்கூட்டர் ஹாரன் கேட்டது. ஒரு தடவை அழுத்தினால் போதும், சளி பிடித்த ஆடு மாதிரி இழுத்துக்கொண்டே போகுமே, அதே ஹாரன். தினமும் கேட்கிறதுதான். இன்றைக்கு மட்டும் வாசலுக்கே ஓடிவந்து பார்த்தேன். ஸ்கூட்டரில் வந்தவள் உன் செல்வி. அவளுக்குப் பின்னாலேயே கான்ட்ராக்டரின் ஜீப் வந்தது. ஆறு மணி நேர ஷிஃப்ட் தொடருமா, பழையபடி எட்டு மணி நேரமா என்று அவர் முடிவு சொல்ல வேண்டிய நாள். எட்டு என்றால் மூன்று பேர் போதும். நாலாவது ஆளாகச் சேர்ந்த உன் பெண்டாட்டி வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

இரு, முதலிலிருந்து சொல்கிறேன். நீ போன பிறகு நடந்ததெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?

நீ எனக்கு ரிலீவர். நீ வந்து நின்றால்தான் நான் பம்பை விட்டு நகர முடியும். நான் வேலையில் இருந்தால் நீ வீட்டில். நீ வேலைக்கு வந்தால் நான் வீட்டில். இத்தனை வருட சிநேகத்தில் சேர்ந்து உட்கார்ந்து ஒரு டீ குடித்ததில்லை. இப்படியும் ஒரு சிநேகம் உண்டா? ஆனால் ஒரு நாள் தவறாமல் கால் மணி முன்பே வந்து நிற்பாய். ஏன் என்று கேட்டால், "முன்னாடி வந்தா என்னா, தேஞ்சா பூடுவேன்? கெளம்பு மாப்ளே, வூடு பகல்ல எப்படி இருக்குதுன்னு பாத்துட்டு வா" என்பாய்.

அந்தக் காணும் பொங்கல் ஞாபகம் இருக்கிறதா? உனக்காக நான், எனக்காக நீ என்று மாற்று டூட்டி பார்த்துப் பார்த்து, யார் யாருக்கு எத்தனை நாள் பாக்கி என்றே நமக்கு மறந்துபோயிருந்தது. நான்தான் உனக்குப் பாக்கி என்று நான் நினைத்தேன். நீதான் எனக்குப் பாக்கி என்று நீ நினைத்தாய். காலை ஷிஃப்டுக்கு இரண்டு பேரும் தூக்குவாளியோடு வந்து நின்றோம். இருவரில் ஒருவரும் திரும்பிப் போகத் தயாராக இல்லை.

சூப்பர்வைசர் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன்யா, ஒரு பம்புக்கு ரெண்டு பேரா? ரெண்டு வூட்லயும் சண்டையா?" என்றார். கடைசியில் அவரே தீர்ப்பும் சொன்னார். பத்து மணி வரை நான், அதற்குப் பிறகு நீ.

பத்து மணிக்கு வீட்டுக்குப் போனேன். அடுப்படியில் பாட்டுச் சத்தம். ரேடியோ என்று நினைத்தேன். என் வீட்டுக்காரிதான் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டே பாடுகிறாள். கல்யாணம் ஆகி அத்தனை வருடமாகியும் அவள் பாடுவாள் என்பது எனக்குத் தெரியாது. என்னைப் பார்த்ததும் பாட்டு நின்றுவிட்டது. "என்னாங்க, வேலைய வுட்டுத் தூக்கிட்டாங்களா?" என்று பதறினாள்.

அந்த ருசி நம்மை விடவில்லை. அதற்குப் பிறகு சூப்பர்வைசரைக் கெஞ்சி, முடிந்த நாளெல்லாம் உன் ஷிஃப்டில் பாதியும் என் ஷிஃப்டில் பாதியும் மாற்றிக்கொண்டோம். வேலை நேரம் குறையவில்லைதான். ஆனால் பகலில் கொஞ்சம் பகல் கிடைத்தது.

அந்தப் பகலில்தான் நீ செல்விக்கு ஸ்கூட்டர் கற்றுக்கொடுத்தாய். பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவந்தவன் சொல்லாமல் கொள்ளாமல் கையை விட்டாய். அவள் போய்க்கொண்டே இருந்தாள். ஓட்டத் தெரிந்துவிட்டது, நிறுத்தத்தான் தெரியவில்லை. பிளாக்கைச் சுற்றிச் சுற்றி வந்து, பம்ப் ஹவுஸைத் தாண்டும்போதெல்லாம் ஹாரனை அழுத்தியபடி, "அண்ணே, எப்டி நிறுத்துறதுன்னு கேட்டுச் சொல்லுங்கண்ணே" என்று கத்தினாள். நான் யாரிடம் போய்க் கேட்பேன்? நீ நடுரோட்டில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாய். அந்த ஹாரன் கெட்டது அன்றைக்குத்தான்.

பிறகு ஒரு நாள் மார்வலி என்று படுத்தாய். எழுந்திருக்கவில்லை. பாவி, அதற்கும் முன்னாடியே கிளம்பிவிட்டாய்.

செல்வி வேலை தேடி அலைந்தாள். எங்கே கேட்டாலும் எட்டு மணி நேரம், ஒன்பது மணி நேரம். உன் மகளைப் பள்ளிக்கு அனுப்பவும் வேண்டும், திரும்பி வரும்போது வீட்டில் ஆள் இருக்கவும் வேண்டும். "என்னா பண்றதுன்னே தெரியலண்ணே" என்று என் வீட்டு வாசலில் நின்று அழுதாள். எனக்கு அந்தக் காணும் பொங்கல் நினைவுக்கு வந்தது. எட்டை ஆறாக்கினால் நாலு ஷிஃப்ட். நாலு ஷிஃப்ட் என்றால் நாலாவதாக ஒரு ஆள் வேண்டும்.

உன் இடத்துக்கு வந்தவனையும் மூன்றாவது ஆளையும் கூட்டிக்கொண்டு கான்ட்ராக்டரிடம் போனேன். "எட்டு மணி நேர சம்பளத்துக்கு ஆறு மணி நேரந்தான் வேலையா? நல்லா இருக்கே நாயம்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. "கடைசி ரெண்டு மணி நேரம் நாங்க மோட்டாரப் பாக்கறதில்ல சார், கடியாரத்தத்தான் பாக்கறோம். போன தடவ மோட்டார் பொகைஞ்சதும் அப்பதான்" என்று சொல்லிவிட்டேன். அவர் மோட்டார் ரிப்பேர் பில்லை எடுத்துப் பார்த்தார். பிறகு, சில மாதம் விட்டுப் பார்ப்போம் என்றார். காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை செல்விக்கு. அதற்கு முந்தியது, விடியற்காலை மூன்றிலிருந்து ஒன்பது வரை, எனக்கு.

இன்று அவர் ஜீப்பை விட்டு இறங்கி நேராகப் பம்பிடம் போனார். மோட்டார் மேல் கை வைத்துச் சூடு பார்த்தார். செல்வி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

"ஒரு பயலும் லீவு கேக்கல, ஓவர்டைமும் போடல. மோட்டாரும் சொன்ன பேச்சு கேக்குது" என்றார். "இப்படியே போவட்டும். எனக்கும் ஒரு ஷிஃப்ட் போட்டுக் குடுங்கய்யா, நானும் நிம்மதியா இருக்கேன்."

ஜீப் போகும்வரை செல்வி அசையவில்லை. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் ஷிஃப்டுக்கு இன்னும் நேரம் இருந்தது. "நேரம் ஆவட்டும்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன். "முன்னாடி நின்னா என்னாண்ணே?" என்று வால்வுப் பக்கம் போனவள், திரும்பி, "கெளம்புங்க, வூடு பகல்ல எப்டி இருக்குதுன்னு போய்ப் பாருங்க" என்றாள்.

அதை நீ அவளிடம் சொல்லியிருந்தாயா? நான் கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவேன் போல இருந்தது. நானும் இப்போது ராத்திரி ஆளை அனுப்பக் கால் மணி முன்பே போய்விடுகிறேன். ஏன் என்று கேட்டால் உன் வார்த்தையைத்தான் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்தேன். உள்ளே பாட்டு. நான் போனால் நிறுத்திவிடுவாள் என்று தெரியும். செருப்பைச் சத்தமில்லாமல் கழற்றிவிட்டு, முழுப் பாட்டும் முடியும்வரை வாசலிலேயே நின்றேன். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை, மாப்ளே.