தேங்காய் மேல் பழி

அன்பு மகள் மோகனாவுக்கு அப்பா எழுதுவது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் பேரன் ஷர்வினும் சுகமாக இருக்கத் தண்ணீர்மலையான் துணையிருப்பான். எங்கள் சுகத்தைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதென்று பயப்படாதே, இடது கையால் எழுதுகிறேன். போனில் சொன்னால் குரல் உடைந்துவிடும், அம்மாவும் பக்கத்திலேயே இருப்பாள்.

உனக்குப் பிள்ளை பிறந்தால் தைப்பூச ரதத்துக்கு முன்னால் தேங்காய் உடைப்பதாக அம்மா வேண்டியிருந்தாளே, இந்த வருடம் அவள் எடுத்துக் கொடுக்க நான்தான் டத்தோ கிராமாட் ரோட்டில் எறிந்து உடைத்தேன். மறுநாள் வலது கட்டைவிரல் நுனி வீங்கிவிட்டது. ஓடு தெறித்துப் பட்டிருக்கும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அடுத்த வீட்டு மலாய்க்காரம்மா ஹாஜரா எண்ணெய் போட்டு நீவி உருட் பிடித்துவிட்டார், கிளினிக்கில் சீழ் என்று மருந்து கொடுத்தார்கள், வீக்கம் இறங்கவேயில்லை, சட்டைப் பட்டன்கூடப் போட முடியவில்லை. பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தால் நுனி எலும்பு கறையான் தின்ற பலகை மாதிரி இருந்தது. டாக்டர் சலேஹா, உன் வயதுப் பெண்தான், நெஞ்சையும் படம் எடுத்து, சதை எடுத்துச் சோதித்து, நுரையீரல் புற்றுநோய் கை எலும்புக்குப் பரவியிருக்கிறது, இப்படி வருவது ரொம்ப அபூர்வம் என்றார். ஆயுளில் லாட்டரியில் ஒரு நம்பர் எனக்கு அடித்ததில்லை, இது அடித்திருக்கிறது பார். இருமல்கூட இல்லைம்மா. கதிர்வீச்சு வைத்தால் விரல்வலி குறையுமாம், மற்றபடி மாதக்கணக்குதான் என்கிறார்கள். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

அதைவிட உன் அம்மாவைப் பார்க்கத்தான் தாங்கவில்லை. டாக்டர் எடுத்துச் சொன்னபோது தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து, என் வேண்டுதல்தானே உங்களை இப்படிப் பண்ணிடுச்சு என்று அழுகிறாள். இப்போது வீட்டில் தேங்காயே உடைப்பதில்லை, கறிக்கெல்லாம் கடையில் விற்கும் பாக்கெட் தேங்காய்ப்பால் சந்தான்தான். பேரன் போட்டோவைப் பார்த்துச் சிரிக்கிறாள், உடனே என் கையைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள். நான் போன பிறகும் இதையே சுமந்துகொண்டிருப்பாளோ என்பதுதான் என் கவலை.

தீபாவளிக்கு வருவதாகச் சொன்னாய், அவ்வளவு நாள் தள்ளாதே. கைக்குழந்தையோடு பிளேன் சிரமம்தான், இருந்தாலும் வா. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலிலேயே நில், திருஷ்டி சுற்றித் தேங்காய் உடைத்தால்தான் உள்ளே வருவேன், அதையும் அம்மாதான் உடைக்க வேண்டும் என்று அடம்பிடி. நான் சொல்லிக் கேட்காதவள் பேரனுக்காக உடைப்பாள். அதை நான் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஆக்லாந்து குளிரில் பிள்ளைக்குக் காதை மூடித் தொப்பி போடு. மூவருக்கும் என் ஆசீர்வாதம். அம்மாவுக்குத் தெரியாமல் ஒரு தேங்காய் வாங்கி என் அலமாரியில் வைத்திருக்கிறேன், அது கெட்டுப்போவதற்குள் வந்துவிடு.

உன் அப்பா
சிவநேசன்