மலையைச் சுற்றிய டிரெய்லர்

அப்பாவுக்கு,

மூன்று வருடம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். முட்டிவலி குறைந்ததா? நான் நலம்.

திருவண்ணாமலையில் ஒரு விடுதிக்கு பிக்கப் வண்டி ஓட்டுகிறேன். நேற்று விருந்தாளி ஒருவரின், உள்ளேயே படுத்துறங்கும் வசதியுள்ள கேம்பர் டிரெய்லரை பிக்கப்பின் பின்னால் மாட்டி இழுத்து வரும்போது, கிரிவலப் பாதையில் விடுதி வாசலைத் தாண்டிவிட்டேன். பின்னால் எடுக்கப் போனேன்.

“வேணாங்க, மலையை எதிர்ச்சுத்தா சுத்துற மாதிரி ஆயிடும்,” என்றார் என் பக்கத்து இருக்கையில் இருந்த விடுதிக் காவலாளி வேடியப்பன். “முழுசா ஒரு சுத்து போயிட்டே வந்துடலாம்.”

போய் வந்தோம். “டிரெய்லருக்கும் புண்ணியம்தாங்க,” என்று சிரித்தார். பிறகு சுவரில் உரசாமல் அதை விடுதிக்குள் நானே ரிவர்ஸில் ஏற்றி நிறுத்தினேன். ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதவன் என்றுதானே நம் வேனை எனக்குத் தராமல் தம்பிக்குக் கொடுத்தீர்கள்? அவனிடமும் சொல்லுங்கள்.

அம்மாவின் பருப்புப்பொடி கொஞ்சம் அனுப்புங்கள். தனியாகச் சாப்பிடும்போது உதவும். முகவரி உறையில் இருக்கிறது.

என் பெயர் அந்த வீட்டில் கேட்கக் கூடாது என்றீர்கள். அதனால் பெயர் எழுதாமலே தபாலில் சேர்க்கிறேன்.